நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்த மணி நேரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். முதல் நாளே உங்கள் கையில் ஒரு செட்டிங் ஷீட் கொடுத்திருப்பார்கள். ஏ போர்ட், பி போர்ட், சி போர்ட் என்று சர்க்கிட் பலகைகளின் பெயர் இடப்பக்கம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக எத்தனை வோல்ட், எத்தனை மெகாஹெர்ட்ஸ், எவ்வளவு நேரம் தூங்கலாம், எப்போது விழிக்கவேண்டும் என்று எண்களாக ஓடும். பஸ் நிலையத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையாவது கொஞ்சம் சுவாரசியமாக இருக்கும்.

அந்த ஷீட்டை எழுதியவன் நான்தான். எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று உங்களில் ஒருவர் வந்து, "சேர், இதை எழுதுறதுக்கெல்லாம் ஒரு ஆள் வேணுமா?" என்று கேட்டார். வாய் நிறைய சமோசா இருந்ததால் நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். கேள்வி நியாயமானது, பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சின்னச் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதன்மேல் உள்ள பிரமிப்பு இன்னும் தீரவில்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு புரொசெசர். அதன் பக்கத்தில் வெள்ளித் தகரத்துண்டு போல ஒரு கிரிஸ்டல். கிரிஸ்டல் தாளம் போட, ஒவ்வொரு தாளத்துக்கும் புரொசெசர் ஓர் அடி எடுத்து வைக்கும். பதினாறு மெகாஹெர்ட்ஸ் என்று நீங்கள் சாதாரணமாக டைப் பண்ணுகிறீர்களே, அது ஒரு செக்கனுக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் அடி. கேகாலைப் பக்கத்தில் என் வாப்பாவின் பலசரக்குக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு, அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் சுபுஹானல்லாஹ் என்றுதான் வாயில் வரும்.

ஆனால் அந்தப் புரொசெசருக்கு ஒரு செக்கன் என்றால் என்னவென்று தெரியாது. "இத்தனை அடி வைத்தால் ஒரு செக்கன்" என்று நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஷீட்டில் அலைவெண் என்ற இடத்தில் நாம் எழுதும் எண் அதுதான். பிழையாகச் சொன்னாலும் அது நம்பிவிடும், சந்தேகப்பட அதற்குத் தெரியாது.

எங்கள் பெட்டிகள் என்ன செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். சப்ரகமுவத் தோட்டங்களில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு கம்பம். கம்பத்தில் மழைமானி, சூரியத் தகடு, பெட்டி, சங்கு. ஒரு மணி நேரத்தில் எல்லையைத் தாண்டி மழை பெய்தால் சங்கு ஊதும். லயத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பள்ளத்தாக்குகளில் மழை பிடித்தால் போன் சிக்னல் போய்விடும் என்பதால் அந்தப் பெட்டிகள் கொழும்போடு பேசுவதில்லை. தாங்களே எண்ணி, தாங்களே முடிவெடுத்து, தாங்களே ஊதும்.

ஏ போர்ட்டில் நான் செய்த பிழை சின்னது. கொடகவெலவில் அதை முழு வேகத்தில் ஓடவிட்டேன். வேகம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்த வயது. பத்து நாள் வெயில் இல்லை, பெட்டரி செத்து, பெட்டியின் விளக்கே அணைந்துபோனது. ஆனால் செத்த பெட்டி வெளியே தெரியும், தோட்டத்து ஆட்கள் பார்த்துவிட்டு போன் எடுத்துத் திட்டினார்கள். சி போர்ட்டில் நான் செய்த பிழை யாருக்கும் தெரியாத வகை.

இறக்குமதி முடங்கி, எந்தச் சாமானும் கேட்டபடி கிடைக்காத காலம் அது. பி போர்ட்டில் இருந்த பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கிடைக்கவில்லை. சி போர்ட்டுக்குப் பதினாறு போட்டார்கள், போட்டுவிட்டு எனக்கு ஒரு குறிப்பும் அனுப்பினார்கள். அதைத் திறந்து வாசித்தேன், பிறகு மாற்றலாம் என்று மூடினேன். போர்ட் இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. பி வரிசையை அப்படியே காப்பி பண்ணி, எழுத்தை மட்டும் சி என்று மாற்றினேன். பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு என்று சொல்லிக் கொடுத்த பெட்டி பதினாறில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கான அடிகளை அது நாற்பத்தைந்து நிமிடத்தில் வைத்து முடித்துவிடும். "ஒரு மணி நேரம் முடிந்தது, எல்லையைத் தாண்டவில்லை" என்று சொல்லிப் பூச்சியத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும், சங்கு ஊதாது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தேன். மேசையில் வைத்து போத்தல் தண்ணீரை மழைமானியில் கவிழ்த்தேன், சங்கு ஊதியது. பெட்டியின் கடிகாரத்தையும் பார்த்தேன், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி சொல்லும் நேரம் சரியா என்று பெட்டியிடமே கேட்ட அறிவாளி நான். அந்த மாதம் ஏழு தோட்டங்களுக்கு சி போர்ட் போனது.

இரண்டு மாதம் கழித்து, பெருமழைக்கு முன்னால் பெட்டிகளைத் துடைத்துப் பார்க்கப் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போனேன். அங்கே கம்பம் ரப்பர் மலையின் ஓரத்தில், லயத்துக்கு நேர் மேலே. காலை ஒன்பது மணி இருக்கும். சப்பாத்துக்குள் புகுந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும்போது, பால் வெட்டுகிற பெண் ஒருவர் கத்தியோடு என்னிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும், பெயர் தவமணி. கீழே லயத்தில் மூன்றாவது வீடு அவருடையது. முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் கூப்பிடுவதுபோல நானா என்று கூப்பிட்டார்.

"நானா, இந்தப் பொட்டி உங்களோடதா?"

"கம்பனியோடது. ஏன் தங்கச்சி?"

"பழைய பொட்டி நாலு மரத்துக்கு ஒருக்கா மின்னுச்சு. இது மூணு மரத்துக்கே மின்னுது. எதாச்சும் கோளாறா?"

பெட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, மழைமானியைப் பார்த்துவிட்டு, பச்சை விளக்கை ஒருமுறை மினுக்கிவிட்டுத் தூங்கும். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட நாம் வைத்த விளக்கு. அதைப் பார்த்துக்கொண்டு பால் வெட்டுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எண்ணுவார்கள் என்றும் நினைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "உங்க கை வேகம் கொறஞ்சிருக்கும் தங்கச்சி" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் கத்தி வேறு இருந்தது.

"எனக்கா? இருவது வருசமா வெட்டுறேன். முந்நூறு மரம், காலைல பெரட்டுல பேர் குடுத்துட்டுப் போனா பால் நிறுக்குற நேரத்துக்கு ஒரு நிமிசம் முந்த மாட்டேன், பிந்த மாட்டேன். எங்க கணக்குப்பிள்ளைகிட்ட கேளுங்க. வொட்ச்ச கழட்டி வச்சிட்டு என்னைப் பாத்துத்தான் டீ குடிக்கப் போவாரு. வாங்க, நீங்களே பாருங்க."

பின்னாலேயே போனேன், மறுக்க முடியாத குரல் அது. அவர் மரத்தை நெருங்கும்போதே இடது கை காய்ந்த பால் நாடாவை உரித்துவிடும். வலது கை கத்தியை வைத்து, பட்டையை ஒரே இழுப்பில் சரிவாக இழுக்கும். தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்று, மரத்தின் உயிரில் படாது. சிரட்டையைத் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குக் கால் போய்விடும். கல், வேர், சறுக்கல், ஒன்றும் அந்த நடையைக் குலைக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது மரத்தில் கத்தி இறங்கும்போது கம்பத்தில் பச்சை மின்னியது. ஆறாவது மரத்தில் மறுபடி.

போனை எடுத்து நேரம் பார்த்தேன். நூற்றிருபது செக்கன் இருக்கவேண்டிய இடத்தில் தொண்ணூறு.

நாலுக்கு மூன்று. பதினாறுக்குப் பன்னிரண்டு. அந்தக் குறிப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, நான் திறந்து மூடிய குறிப்பு. கீழே லயத்துக் கூரைகளைப் பார்த்தேன், பயம் பிடித்துக்கொண்டது.

அதே நேரத்தில் இன்னொன்றும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பயத்துக்கு நடுவிலும் நான் மலைத்துப்போய் நின்றேன். ஒரு கோடியே அறுபது லட்சம் அடி வைக்கிற சாமானில் நான் வைத்த பிழையை, என் மேசையில் இருந்த எந்தக் கருவியும் பிடிக்காத பிழையை, இந்தப் பெண் கையால் பிடித்திருக்கிறார். எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது என் பெட்டியைவிடச் சரியான கடிகாரம்.

அந்தப் பெட்டியைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். லெப்டொப்பைத் திறந்து பன்னிரண்டை அழித்துப் பதினாறு அடித்தேன், வோல்ட் வரிசையையும் அதற்கேற்ப மாற்றினேன். மீதி ஆறு பெட்டிகள் கித்துல்கல முதல் கொடகவெல வரை சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆள் போய், கம்பத்தில் ஏறித் திருத்தவேண்டும். நான் ஒருவன், ஒரு பழைய வேன், இரண்டு நாள் வேலை. அன்று காலை வானொலியில் சப்ரகமுவவுக்குப் பின்னேரம் கனமழை என்று சொல்லியிருந்தார்கள். தெற்கே மலைக்குப் பின்னால் வானம் ஏற்கனவே இருண்டுகொண்டு வந்தது.

கொழும்பில் எங்கள் தலைமைப் பொறியியலாளருக்கு போன் எடுத்தேன். கெட்டிக்கார மிஸ், நல்ல மனுசி, இன்றும் அப்படித்தான் சொல்வேன். சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார்: "பதற்றப்படாதீங்க. ஒவ்வொன்றாகப் போய்த் திருத்துங்க. சேர்விஸ் என்று சொல்லுங்க. பெட்டி பிழை என்று சனத்துக்குச் சொன்னால், அடுத்த தரம் சங்கு ஊதினாலும் ஒருவரும் எழும்ப மாட்டாங்க. அந்த நம்பிக்கையை உண்டாக்க நமக்கு எத்தனை வருஷம் போனது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட, எனக்கு அது வசதியாகவும் இருந்தது. என் பெயர் வெளியே வராது, ஷீட்டில் ஓர் எண் மாறும், அவ்வளவுதான். சரி மிஸ் என்று சொல்லி போனை வைத்தேன்.

தவமணி பக்கத்து மரத்தில் நின்றபடியே நான் சிங்களத்தில் பேசியதெல்லாம் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத் தோட்டங்களில் எல்லாருக்கும் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. எனக்குத்தான் அது நினைவில்லை.

"நானா, மத்த ஆறு எடத்துலயும் கம்பத்துக்குக் கீழ லயம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னைக்கு மழை புடிச்சா அந்தப் பொட்டி கத்துமா?"

"கத்தாமப் போகலாம்."

"அது உங்களுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். அங்க படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. "எங்க வீட்டுல சங்கு ஊதலன்னா பயமில்லன்னு அர்த்தம்" என்றார். "சங்கு வந்ததுக்கப்புறம் மழைய நாங்க பாக்குறதே இல்ல. முன்னெல்லாம் ஓடைத் தண்ணி நெறம் மாறுதான்னு ஆம்பளைங்க போய் பாத்துட்டு வருவாங்க. இப்ப பொட்டி பாத்துக்கும்னு எல்லாரும் படுத்திடுறோம்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, மிஸ் சொன்ன நம்பிக்கை எவ்வளவு கனமானது என்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. சனம் தங்கள் கண்ணையே எங்களிடம் கழற்றித் தந்திருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு நான் சேர்விஸ் என்று பொய் சொல்லப் போகிறேன்.

கம்பத்தின் அடியிலேயே உட்கார்ந்து ஆறு தோட்டங்களுக்கும் போன் எடுத்தேன். எல்லாருக்கும் ஒரே வசனம். "பெட்டியில் நான் பிழையாக எண் போட்டிருக்கிறேன். எல்லையைத் தாண்டி மழை பெய்தாலும் சங்கு ஊதாமல் இருக்கலாம். நான் வந்து திருத்தும்வரை பெட்டியை நம்பவேண்டாம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் உடனே லயத்தைக் காலி பண்ணுங்க." ஒரு தோட்டத்துத் தொரை ஆங்கிலத்தில் திட்டினார், நன்றாகவே திட்டினார். இன்னொருவர் கடிதமாகத் தரமுடியுமா என்று கேட்டார். கித்துல்கலப் பக்கத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மட்டும், "சரி, நான் இப்பவே பெரட்டுக்களத்துல சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு மிஸ்ஸுக்கு எடுத்து, சொல்லிவிட்டேன் என்றேன். "சரி, கொழும்பில் நிற்கிற மற்ற வேனையும் கொடகவெலப் பக்கம் அனுப்புறேன்" என்றார். என்னைத் திட்டவில்லை.

பகல் இரண்டு மணிக்குள் இன்னொரு பெட்டியைத் திருத்தினேன். மூன்றரைக்குக் கித்துல்கலத் தோட்டத்தின் அடிவாரத்துக்கு வரும்போது மழை பிடித்துவிட்டது. களனி ஆறு கலங்கி, பாறைகளுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த மழையில் கம்பத்தில் ஏறிப் பெட்டியைத் திறந்தால் தண்ணீர் புகுந்து உள்ளதும் போய்விடும். எட்டி எண்ணை மாற்றும் தூரத்தில் நின்றுகொண்டு என்னால் ஒன்றும் செய்யமுடியவில்லை. தோட்டத்து ஸ்கூலுக்குள் ஒதுங்கினேன். அங்கே லயத்துச் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பெட்டி படுக்கை, அடுப்பில் இருந்து இறக்கிய சோற்றுப் பானை, ஒரு ஆடு. அந்த உத்தியோகத்தர் சொன்னபடி செய்திருந்தார்.

ஸ்கூல் யன்னலில் இருந்து கம்பம் தெரிந்தது. மழை ஒரு மணி நேரம் அப்படியே நின்று கொட்டியது. இப்போது ஊதவேண்டும், இப்போது ஊதவேண்டும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதவில்லை. பச்சை விளக்கு மட்டும், தொண்ணூறு செக்கனுக்கு ஒருமுறை, எல்லாம் நலம் என்று மினுங்கிக்கொண்டேயிருந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர், "பொட்டி சும்மாதானே இருக்கு, நானும் வீட்டுக்குப் போய் கோழியைப் புடிச்சிட்டு வரவா?" என்று கேட்டார். "போகாதீங்க. அது பிழை, நான் செஞ்ச பிழை, போகாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

ஐந்து மணி போல் மலை இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை, யாரோ சாக்கு மூட்டையை இழுப்பதுபோல ஒரு சத்தம். லயத்தின் மேற்குக் கடைசியில் இரண்டு வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் நின்றது. ஸ்கூலுக்குள் பெண்கள் பெயர் சொல்லிப் பெயர் சொல்லி எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். கோழிக்காரர் என் கையை விடவேயில்லை. நான் அழுதேன், ஒளித்து அழவில்லை.

பிறகு அந்தப் பெட்டியின் மெமரி கார்டை வீட்டில் வைத்துப் பார்த்தேன். உண்மையான ஒரு மணி நேரத்தில் மழை எல்லையைத் தாண்டியிருந்தது. பெட்டியின் மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது ஊதியிருக்காது.

அடுத்த கிழமை புளத்கொகுபிட்டியவுக்குப் போனேன். சொல்லவேண்டியவரிடம் சொல்லவேண்டும் இல்லையா. தவமணி வெட்டிக்கொண்டே கேட்டார், கை நிற்கவில்லை.

"ரெண்டு வீட்லயும் எத்தன பேரு?"

"பதினொரு பேர்."

கத்தி அந்த மரத்தில் பாதியில் நின்றது. இருபது வருடத்தில் எத்தனை தடவை அப்படி நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை இழுத்து முடித்தார்.

"எனக்கு நன்றியெல்லாம் வேணாம் நானா" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே. "இனிமே இப்பிடி நடக்காதுன்னு சொல்லுவீங்களா?"

ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. "சொல்ல முடியாது தங்கச்சி" என்றேன். "நான் இல்லாட்டி இன்னொருத்தன் பிழை விடுவான்."

"அப்ப உக்காருங்க. கொப்பிய எடுங்க."

கல்லில் உட்கார்ந்தேன். அவர் மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அடுத்த பாத்தியில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

"எனக்கு நாலு மரம்" என்றார் தவமணி. "இவங்க வேகம் வேற, இவங்களுக்கு அஞ்சு. அவ போன மாசந்தான் சேந்தா, அவளுக்கு ரெண்டரை. ஒவ்வொருத்தியா கேட்டு எழுதுங்க. எத்தன மரத்துக்கு ஒருக்கா மின்னணும்னு அவங்கவங்களுக்குத் தெரியணும். மாறுனா உங்களுக்கு போன் வரும்."

பெயர் இடப்பக்கம், எண் வலப்பக்கம். பதினான்கு வரிசை எழுதினேன். எதையும் காப்பி பண்ணவில்லை.